அரசியலாராய்ச்சியின் வடிவமைப்பு: சோழர் அரசும் திருவொற்றியூர்க் கல்வெட்டுக்களும்

அரசியல் நூல் பயிலும் முதுகலை மாணவர்க்கும் முனைவர்ப் பட்ட ஆய்வாளர்க்கும் ஆராய்ச்சி வடிவமைப்பு என்பது இன்று தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. எதனை வினாவாகக் கொள்வது, அவ்வினாவிற்கு விடையாக முன்வைக்கும் கருத்து மெய்யாயின் வேறு எவையெல்லாம் காணப்படல் வேண்டும், அது பொய்யாயின் எவை காணப்படும், சான்றுகளை எவ்விடத்திலிருந்து எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பவற்றை ஆய்விற்குப் புகுமுன்னரே வரையறுத்துக் கொள்ளுதலே வடிவமைப்பு எனப்படும். தமிழ்த் துறைகளிலும் ‘ஆராய்ச்சி நெறிமுறைகள்’ என்னும் பெயரால் ஒரு பாடம் உண்டு. ஆயின் அங்கே பெரிதும் பேசப்படுவன அடிக்குறிப்பு இடுதல், துணைநூற் பட்டியல் அமைத்தல், இயல் பகுத்தல் ஆகியனவே. இவை ஆராய்ச்சியை எழுதும் முறைகள். செய்யும் முறை வேறு.

இவ்வேறுபாடு சிறிதன்று. இலக்கியத்திலோ கல்வெட்டிலோ அரசியலை ஆராயப் புகும் நம் மாணவர் பலர் அரசன், அமைச்சு, படை, தூது, வரி எனத் தலைப்புக்களை முன்னரே நிறுத்திக்கொண்டு, அவற்றின்கீழ்ச் சான்றுகளை அடுக்குகின்றனர். எந்நூலை எடுப்பினும் இத்தலைப்புக்கள் நிரம்பிவிடும். புறநானூற்றிற்கும் நிரம்பும், கலிங்கத்துப் பரணிக்கும் நிரம்பும். எவ்வகைச் சான்று கிடைத்திருப்பினும் தோற்றிருக்க இயலாத ஓர் ஆய்வு எதனை நிறுவிற்று என்று கேட்டால் விடை கூறுதல் அரிது. ஐந்தாண்டு உழைப்பு அட்டவணையாக முடிந்துபோவதற்குக் காரணம் உழைப்பின் குறை அன்று, வினா இல்லாமையே.

வினாவை முன்னிறுத்தும் வழக்கம் நமக்குப் புதிதும் அன்று. தொல்காப்பிய மரபியல் முப்பத்திரண்டு உத்திகளைத் தொகுத்துரைக்கும்போது நுதலியது அறிதலையே முதற்கண் வைக்கின்றது. சிவஞான சித்தியார் பிறர் கொள்கைகளைப் பரபக்கமாக நிறுத்தி மறுத்த பின்னரே தன் கொள்கையைச் சுபக்கமாக உரைக்கின்றது. மாற்றார் கருத்தினை வலிவுடையதாகவே எடுத்துக்காட்டி, அதற்கும் தன் கருத்திற்கும் இடையே நடுவு கூறத்தக்க சான்று யாது எனத் தேடுதலே இன்றைய அரசியல் நூலார் போட்டிக் கருதுகோள் என்று பேசுவதன் உட்பொருள். பெயரே புதிது. ஆயினும் ஓர் வேற்றுமையை மறைத்தலாகாது: சமய வாதத்தில் முடிவு முன்னரே தெரிந்தது, ஆராய்ச்சியில் அது தெரிந்திருத்தல் கூடாது.

வடிவமைப்பைக் கற்பதற்குத் தமிழ் மாணவர்க்கு மிக ஏற்ற களம் சோழர் அரசின் இயல்பு பற்றிய வழக்கே என்பது என் கருத்து. அரசியல் நூலின் அடிப்படை வினா ஒன்று அதில் உள்ளது; சான்றுகள் தமிழில் உள்ளன; அறிஞர் மூன்று தலைமுறையாக ஒருவரையொருவர் மறுத்து எழுதியுள்ளனர்.

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இயற்றிய ‘சோழர்’ என்னும் பெருநூல் 1935-இலும் 1937-இலும் இரு பகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அதற்கு முன்னர் 1932-இல் வெளிவந்த அவர்தம் கட்டுரைத் தொகுதியில் உத்தரமேரூர்ச் சபை விரிவாக ஆராயப்பெற்றது. முதற் பராந்தகனுடைய 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது 919, 921 ஆகிய ஆண்டுகளில், அங்குப் பொறிக்கப்பெற்ற குடவோலைக் கல்வெட்டுக்களை அறியாதார் இலர். ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டதும், நிலம், மனை, அகவை, வேதக் கல்வி ஆகியவற்றால் உறுப்பினர் தகுதி வரையறுக்கப்பட்டதும், ஏரி வாரியம் தோட்ட வாரியம் முதலியன அமைக்கப்பட்டதும் அவற்றில் உள்ளன. வலிமை மிக்க முடியாட்சியும் உயிர்ப்புள்ள ஊராட்சியும் சோழ நாட்டில் ஒருங்கே நிலவின என்பது சாஸ்திரியார் முடிபு.

சாஸ்திரியார் கண்ட கல்வெட்டுக்கள் பல்லாயிரம். அவர்மேல் ஒற்றைச் சான்றினர் என்னும் குறை கூறுதல் பொருந்தாது. அவர்க்குப் பின் வந்தோரே உத்தரமேரூரைச் சோழ நாடு முழுமைக்கும் உரிய மாதிரியாக்கிப் பாடநூல்களில் நிறுத்தினர். உத்தரமேரூர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயம்; அங்கிருந்தது சபை. வேளாண் குடிகள் வாழ்ந்த பெரும்பான்மை ஊர்களில் இருந்தது ‘ஊர்’ என்னும் அவை. அவ்வவைகள் தம் அமைப்பினை இவ்வாறு கல்லில் எழுதி வைக்கவில்லை. உத்தரமேரூர் புகழ் பெற்றது அது வழக்கத்திற்கு மாறான விரிவுடையதாக இருந்தமையால் அன்றோ? புகழ் பெற்றமையாலேயே ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனைக் கொண்டு புகழ் பெறாதவற்றிற்கு விதி கூறுதல் ஒருதலைத் தெரிவு. வடிவமைப்புப் பாடத்தில் மாணவன் முதலிற் கற்பது இதுவே.

அடுத்து வந்தவர் அமெரிக்கரான பர்ட்டன் ஸ்டெயின். 1980-இல் வெளிவந்த நூலில், வலிமை மிக்க மைய அரசும் தன்னாட்சி உடைய ஊரமைப்புக்களும் ஒருங்கே இருந்தன என்பது தன்னுள்ளேயே முரண்படுவது என்று அவர் வாதித்தார். நாடு என்னும் சிறு வட்டாரங்களே உண்மையான அதிகாரம் உடையவை. மன்னன் தன் நடு நிலப்பகுதிக்கு அப்பால் சடங்குவழித் தலைமை மட்டுமே பெற்றிருந்தான். இதுவே கூறுநிலை அரசு என்றார். இக்கோட்பாடு தமிழ்நாட்டிற் பிறந்ததன்று. ஆப்பிரிக்காவில் அலூர் மக்களைப் பற்றி எய்டன் சவுத்தால் 1956-இல் எழுதிய நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதனாலேயே அதனைத் தள்ளிவிடுதல் நேரிய வழியன்று. ஓரிடத்திற் பிறந்த கருத்து மற்றோரிடத்தில் உண்மையாகக் கூடும். ஸ்டெயினுடைய பெருஞ்சிறப்பு, பொய்யாகக் கூடிய ஒரு கருத்தைத் தெளிவாகக் கூறியமையே. பொய்யாக இயலாதவாறு பொதுவாகக் கூறிய பலரினும் அவரால் விளைந்த பயன் மிகுதி.

பேராசிரியர் எ. சுப்பராயலுவின் ஆராய்ச்சியை இங்கே ஒப்பிட்டுக் காணல் வேண்டும். 1973-இல் வெளிவந்த அவர்தம் சோழ நாட்டு அரசியல் நிலவியல் நூல், கல்வெட்டுக்களில் நாட்டுப் பெயரோடு வரும் ஊர்களை ஒவ்வொன்றாகப் படத்திற் குறித்து, ஒவ்வொரு நாட்டின் பரப்பையும் வரைந்து காட்டிற்று. அப்படத்தில் நாடுகள் ஒழுங்கற்ற வடிவின. பல நாடுகளின் நடுவே ஆறு ஓடுகின்றது. நிருவாக வசதிக்காக மேலிருந்து வகுத்திருந்தால் ஆறே எல்லையாகியிருக்கும். ஆதலின் நாடு என்பது உழவர் குடியிருப்புக்கள் தாமே கூடி வளர்ந்த வட்டாரம் என்பது பெறப்படும். இது ஸ்டெயினுக்குத் துணையாகும். ஆனால் முதல் இராசராசன் காலத்தில் நாடுகளின்மேல் வகுக்கப்பட்ட வளநாடுகள் மன்னனுடைய சிறப்புப் பெயர்களைத் தாங்கியவை. அவற்றிற்கு ஆறுகளும் கால்வாய்களும் எல்லையாயின. சில நாடுகள் இரண்டாக வெட்டப்பட்டு வெவ்வேறு வளநாடுகளிற் சேர்க்கப்பட்டன. நாடே முழு அதிகாரம் உடையதாயின் அதனை வெட்டும் ஆற்றல் சடங்குத் தலைவனுக்கு எங்ஙனம் வந்தது? இது ஸ்டெயினுக்கு மாறாகும். ஒரே படம் ஒரு கொள்கையின் பாதியைத் தாங்கி மறுபாதியை வீழ்த்துகின்றது. எல்லைக்கோடு எங்கே ஓடும் என்று இரு கொள்கைகளும் வெவ்வேறாக எதிர்பார்க்கின்றன. ஆதலினாலேயே எல்லைக்கோடு சான்றாகின்றது. இருவர் கொள்கைக்கும் ஒத்த செய்தி எத்துணை நிறைந்திருப்பினும் வழக்கினைத் தீர்க்காது.

இதே வினாவை வரியின்வழி அணுகினர் நொபொரு கராஷிமாவும் சீதாராமனும். 1972-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் சோழர் கல்வெட்டுக்களில் வரும் வரிச் சொற்களை எண்ணினர். சொற்கள் பல நூறாயினும் பெரும்பாலன ஓரிரு முறையே வருகின்றன; கடமை, குடிமை, அந்தராயம், வெட்டி, முட்டையாள் போன்ற சிலவே மீண்டும் மீண்டும் வருகின்றன. பரந்த பரப்பில் ஒரே சொல் வழங்குமாயின் அதன் பின்னே ஒரே வரியமைப்பு இருத்தல் கூடும். எண்ணாமல், பெயர்களின் நீண்ட பட்டியலை மட்டும் கண்டவர்கள், சோழர் குடிகளைக் கணக்கற்ற வரிகளால் வருத்தினர் என்று எழுதியதும் உண்டு. கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகிய மூவரும் 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்க் கோவை இம்முறையின் பெருவிளைவு. இலக்கியச் சொல்லடைவில் பழகிய நம் மாணவர்க்கு அது தம் வீட்டுப் பொருள் போலவே தோன்றும்.

எண்ணுதலே ஆராய்ச்சி ஆகிவிடும் என்று கொள்ளற்க. கராஷிமா 1966-இல் எழுதிய கட்டுரை ஒன்று இரண்டே ஊர்களைப் பற்றியது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரிக் கரையிலுள்ள அல்லூரும் அதன் அண்மையிலிருந்த ஈசானமங்கலமும் அவை. முன்னது வேளாண் குடிகளின் ஊர், பின்னது பிரமதேயம். நீர், நிலம், ஆட்சி ஆகியன இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே. அல்லூரில் நிலம் ஊராரின் பொதுவுடைமையாகவும் ஈசானமங்கலத்தில் தனியார் உடைமையாகவும் கைம்மாறியது காணப்பட்டது. பிற யாவும் ஒத்து ஒன்று மட்டும் வேறுபடும் இரு பொருள்களை ஒப்பிடுதல் என 1843-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தம் அளவை நூலில் வகுத்த வேற்றுமை முறையே இது. அதன் குறையும் அதனுள்ளேயே உள்ளது. பிரமதேயம் என்பது ஒற்றை வேறுபாடன்று. குடி வேறு, நிலம் வந்த வழி வேறு, எழுத்துப் பழக்கம் வேறு. இவற்றுள் எதனால் உடைமை வேறுபட்டது என்று இரண்டு ஊர்கள் கூறமாட்டா. மூன்றாம் ஊரைத் தேடல் வேண்டும்.

அம்மூன்றாம் ஊரைத் தேடும் மாணவன் காவிரியை விட்டுத் தொண்டை நாட்டிற்கு வருவானாயின் சான்றுகள் வேறு வகையான தொல்லைகளைத் தருகின்றன. அவற்றைக் காட்டுதற்குத் திருவொற்றியூர் போன்ற இடம் மற்றொன்று எளிதில் வாய்க்காது. சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, இராயபுரத்தையும் தண்டையார்ப்பேட்டையையும் கடந்து கடலோரமாக அமைந்த ஊர் அது. அங்குள்ள ஆதிபுரீசுவரர் கோயிலிற் பல்லவ அபராசிதன் முதலாக விசயநகர வேந்தர் ஈறாக நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுக்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பல 1912-இல் தொல்லியல் துறையினராற் படியெடுக்கப்பட்டன.

முதலாவது, அலகு மாறுகின்றது. சோழ மண்டலத்தில் நாட்டிற்கு மேல் வளநாடு. தொண்டை நாட்டில் நாட்டிற்கு மேல் கோட்டம். திருவொற்றியூர் இருந்தது புழற்கோட்டத்தில். கோட்டம் பல்லவர் காலத்திலேயே இருந்த பிரிவு. ஆதலின் காவிரிச் சமவெளியில் நாட்டிற்கும் வளநாட்டிற்கும் கண்ட வேற்றுமையை இங்கே அப்படியே தேடுதல் இயலாது. இராசராசன் தொண்டை மண்டலத்திற்குச் சயங்கொண்ட சோழ மண்டலம் எனப் பெயரிட்டான். பெயர் மாறிய அளவு உள்ளமைப்பும் மாறிற்றா என்பதே இங்குக் கேட்கத்தக்க வினா.

இரண்டாவது, எவை எஞ்சின என்பது. திருவொற்றியூர்க் கல்வெட்டுக்களிற் பல சுவரில் இல்லை. கருவறையைச் சூழ்ந்த மண்டபத்தின் தளத்திற் பாவிய பலகைக் கற்களில் உள்ளன. முதல் இராசேந்திரன் காலத்திற் சதுரானன பண்டிதரின் ஏவலால், இரவி என்னும் வீரசோழத் தச்சன் விமானத்தைக் கருங்கல்லாற் புதுக்கினான். பழைய கற்களிற் சில தளத்திற்குச் சென்றன. சில எங்குச் சென்றன என்று யார் அறிவார்? இராசேந்திரனுக்கு முற்பட்ட கொடைகள் குறைவாகக் காணப்படின், கொடை குறைந்ததா கல் குறைந்ததா என்பதைக் கேளாமல் வரைபடம் வரைதல் வீண். அன்றியும், கல்லில் ஏறியது கோயிலுக்கு வேண்டிய செய்தியே. நந்தாவிளக்கிற்குத் தொண்ணூறு ஆடு விட்டவன் பெயர் உண்டு. வரி கொடுக்க மாட்டாமல் ஊரை விட்டு ஓடியவன் பெயர் இருத்தல் அரிது. கோயிற் சுவரிலிருந்து அரசின் இயல்பினை அறியப் புகுவோர் கொடையாளரின் கண்ணால் அரசைக் காண்கின்றனர் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவதே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அரசின் பரப்பினை அளக்க, எம்மன்னனுடைய ஆட்சியாண்டு எவ்வூரிற் பொறிக்கப்பட்டுள்ளது என்று பார்ப்பது பொதுவழக்கு. 949-இல் தக்கோலப் போரில் முதற் பராந்தகன் மகனான இராசாதித்தன் இறந்துபட்டான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் தொண்டை நாட்டைக் கைக்கொண்டான். திருவொற்றியூரில் அவனுடைய 20-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 959-இல், ஒரு வடமொழிக் கல்வெட்டு எழுந்தது. வே. இராகவன் அதனைப் பதிப்பித்து ஆராய்ந்துள்ளார். கொடையளித்தவர் அம்மடத்தின் தலைவராயிருந்த சதுரானன பண்டிதர். பின்னர் அம்மடத்தில் அப்பெயர் வழிவழியாக வழங்கிற்று. இவர் கேரள நாட்டிற் பிறந்தவர். இராசாதித்தனுக்கு நெருங்கிய துணைவராக இருந்தவர். போர்க்களத்தில் அவனோடு உயிர் துறக்கக் கூடாமற் போயிற்றே என்று நாணி, உலக வாழ்வை வெறுத்து, நிரஞ்சன குருவை அடைந்து துறவு பூண்டார். அத்தகையவரின் கொடை, தம் தலைவனைக் கொன்ற மன்னனுடைய ஆட்சியாண்டில் குறிக்கப்பட்டுள்ளது.

பட்டியல் இடுவோன் இதனைக் ‘கிருட்டிணன், 20’ என்று ஒரு கட்டத்தில் எழுதி, இராட்டிரகூட மேலாட்சிக்கு ஒரு சான்று எனக் கூட்டிவிடுவான். ஆட்சியாண்டு மேலாட்சியைக் காட்டலாம். நாள் குறிக்கும் வழக்காக மட்டும் இருக்கலாம். பத்திரம் செல்லுபடியாக வேண்டிய தேவையாலும் நேரலாம். உள்ளத்துப் பற்றை அது காட்டவில்லை என்பதற்கு இக்கல்லே கரி. அளவுகோல் ஒன்றை எடுக்குமுன் அது அளக்க வேண்டியதைத்தான் அளக்கின்றதா என்று கேட்கும் வினாவை அரசியல் நூலார் செல்லுபடித் தன்மை என்பர். நூறு கல்லை எண்ணியும் பெறாத அறிவை இங்கே ஒரு கல் தந்தது.

இதனை ஒட்டி மேலைநாட்டாரிடையேயும் ஒரு வழக்கு உண்டு. கிங், கியோகேன், வெர்பா என்னும் மூவர் 1994-இல் எழுதிய வடிவமைப்பு நூல், எண்ணும் முறைக்கும் ஆழ்ந்து நோக்கும் முறைக்கும் அளவை நெறி ஒன்றே என்றது. சான்றுகளின் எண்ணிக்கையைப் பெருக்குக என்றும் அறிவுறுத்தியது. பத்தாண்டு கழித்துப் பிரேடி, காலியர் ஆகியோர் தொகுத்த நூல் அதனை மறுத்து, ஒரே நிகழ்ச்சியினுள் கிடைக்கும் செயற்போக்குச் சான்று எண்ணிக்கையாற் பெறப்படாத வலிவுடையது என்றது. நான் இரண்டாம் சாராரை உடன்படுவேன். திருவொற்றியூரில் 14-ஆம் நூற்றாண்டிற் பதியிலார்க்கும் தேவரடியார்க்கும் பிறர்க்கும் கோயிற் பணிமுறை பற்றி எழுந்த பூசல், சம்புவராயர் காலத்தில் தீர்க்கப்பட்டு, மீண்டும் எழுந்து, விசயநகர ஆட்சியில் மறுபடியும் தீர்க்கப்பட்டது. எண்ணினால் இஃது ஒரே நிகழ்ச்சி. யார் முறையிட்டார், யாரிடம் முறையிட்டார், யார் கூடியிருந்து முடிவு செய்தார், முன்னைய முடிவு ஏன் நில்லாது போயிற்று என்று தொடர்ந்து நோக்கினால், ஆட்சி மாறியபோது அதிகாரம் எக்கையிலிருந்து எக்கைக்குச் சென்றது என்பது புலப்படும்.

பழமையை விட்டு இன்றைய அரசியலுக்கு வருவோர்க்கும் இதே ஊர்ப்புறம் களமாகும். விடுதலைக்குப் பின் எண்ணூர் நெடுஞ்சாலை வழியே வாகனம், டயர் முதலிய தொழிற்சாலைகள் பெருகின. ‘வேலைநிறுத்தம் ஏன் நிகழ்கின்றது’ என்று ஆராயப் புகும் மாணவன் வேலைநிறுத்தம் நிகழ்ந்த ஆலைகளை மட்டும் தெரிந்தெடுத்துக் குறைந்த ஊதியத்தையோ தொழிற்சங்கப் போட்டியையோ காரணமாகக் காண்பான். அக்காரணம் அமைதியாக இயங்கிய அடுத்த ஆலையிலும் இருந்திருக்கலாமே! விளைவை வைத்தே களத்தைத் தெரிந்தெடுத்தலால் வரும் இக்கேட்டினை 1990-இல் பார்பரா கெடஸ் விரிவாக ஆராய்ந்து காட்டினார்.

இவற்றை வகுப்பிற் கேட்டு அறிதல் அரிது. கையாற் செய்தே அறிதல் வேண்டும். முதுகலை மாணவர் இருவர் 1912-ஆம் ஆண்டறிக்கையின் திருவொற்றியூர்ப் பகுதியை எடுத்துக்கொள்க. கல்வெட்டைப் படிக்குமுன், கோயிலுக்கு வந்த கொடை மன்னன் ஆணையால் வந்ததாயின் என்ன காண்போம், மணலி முதலிய அண்டை ஊர்ச் சபைகளின் செல்வத்தால் வந்ததாயின் என்ன காண்போம் என்று இரண்டு பத்தி எழுதி நாளிட்டு வைக்க. பின்னர் மன்னன், ஆண்டு, கொடையாளர் நிலை, கொடைப்பொருள், பொறுப்பேற்றோர், கல் இருக்கும் இடம் ஆகிய ஆறு கட்டங்களில் இருவரும் தனித்தனியே நிரப்பி ஒப்பிட்டுப் பார்க்க. எங்கே இருவரும் வேறுபட்டனரோ அங்கே வரையறை தெளிவற்றது என்பது பொருள். ‘கொடையாளர் நிலை’ என்னும் கட்டத்தில் இவ்வேறுபாடு மிகுதியாகத் தோன்றும். சதுரானன பண்டிதரை ஒருவர் துறவி என்றும் மற்றவர் போர்த்தலைவர் என்றும் எழுதக்கூடும். அயல்நாட்டார் என்று எழுதுவோரும் இருப்பர். மூன்றும் உண்மை. அக்கட்டத்தைப் பிறப்பிடம், முன்னைய தொழில், கொடையளித்த காலத்து நிலை என மூன்றாக வகுத்து, அதற்கு முன் நிரப்பிய கற்கள் அனைத்தையும் முதலிலிருந்து மீண்டும் படிக்க.